லீஸ் சோலார் இருக்கிற வீடு: வாங்கலாமா, மாட்டிக்கிட்டா எங்கே போறது? (கலிஃபோர்னியா)

ட்ரேசி_வாசல்
நான் வாங்கப்போகிற, எஸ்க்ரோவில் (பேரம் முடிந்து பதிவு வரை மூன்றாவது ஆள் பணத்தையும் காகிதத்தையும் வைத்திருக்கும் கட்டம்) இருக்கும் வீட்டின் மேல் 6 கிலோவாட் சோலார். 2017-ல் போட்டது, சொந்தம் இல்லை, லீஸ். 20 வருஷ ஒப்பந்தம். ஆரம்பத்தில் மாதம் 110 டாலர், வருஷத்துக்கு 2.9 சதவீதம் ஏறும், இப்போது 142. விற்பவரின் ஏஜென்ட், "சும்மா பேர் மாத்தினா போதும், பிஜி&இ பில்லே வராது" என்கிறார் (அது இங்கே கரண்ட் கம்பெனி). ஒப்பந்தம் 31 பக்கம். எந்தப் பக்கத்தைப் பார்க்கணும்? பின்னால் தகராறு வந்தால் யாரிடம் போகணும்?

எஸ்க்ரோ_அக்கா
தம்பி, "பில்லே வராது" என்பதை முதலில் மனசிலிருந்து அழிச்சிடுங்க. இரண்டு பில் வரும். லீஸ் கம்பெனிக்கு மாதத் தொகை ஒன்று. பிஜி&இ-க்கு அடிப்படைக் கட்டணமும் வருஷக் கடைசி ட்ரூ-அப்பும் (வாங்கிய யூனிட்டில் அனுப்பியதைக் கழித்துப் பார்க்கும் கணக்கு) இன்னொன்று. அடிப்படைக் கட்டணமே சாதாரண வீட்டுக்கு மாதம் 24 டாலருக்குப் பக்கம். பேனல் எவ்வளவு ஓடினாலும் அது குறையாது.

அடுத்து பிரிலிமினரி டைட்டில் ரிப்போர்ட்டை (வீட்டின் உரிமை, வில்லங்க அறிக்கை) திறந்து யூசிசி-1 ஃபிக்ஸ்சர் ஃபைலிங் இருக்கான்னு தேடுங்க. "இந்தப் பேனல் எங்களுடையது, வீட்டோடு சேராது" என்று லீஸ் கம்பெனி கவுண்டியில் பதிந்து வைக்கும் காகிதம் அது. வீட்டின் மேல் அடமானம் இல்லைதான், ஆனால் லோன் கொடுக்கிறவர் கண்ணில் பட்டதும் வேலை நிற்கும். ரீஃபைனான்ஸ் செய்யும்போதெல்லாம் கம்பெனியிடம் கேட்டு அதைத் தற்காலிகமாக எடுக்க வைத்து, லோன் பதிந்த பிறகு அவர்கள் திரும்பப் போடுவார்கள். வாரக்கணக்கில் இழுக்கும், கட்டணமும் இருக்கலாம். ஒரு ஃபைலிங் ஐந்து வருஷம்தான் செல்லும், நீட்டிப்புப் பதியாவிட்டால் காலாவதி. 2017-ல் போட்டது நீட்டிக்கப்பட்டிருக்கான்னும் பாருங்க.

லோன் பக்கம் இன்னொரு சிக்கல். ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமைப்பு) விதிப்படி லீஸ் பேனலின் மதிப்பை அப்ரைசலில் சேர்க்க முடியாது. அதேசமயம் மாதாந்திர லீஸ் தொகையை உங்கள் கடன் விகிதத்தில் (வருமானத்தில் கடன் தவணை எவ்வளவு என்ற கணக்கு) சேர்ப்பார்கள். குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு நிலையான தொகை, உற்பத்தி உத்தரவாதம் என்று ஒப்பந்தம் இருந்தால் விலக்கு உண்டு. யூனிட் கணக்கில் காசு வாங்கும் பிபிஏ (மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம்) என்றாலும் அந்தத் தொகையைச் சேர்க்காமல் விட்டுவிடலாம். அதனால் லீஸா பிபிஏவா என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்து லோன் ஆபீசருக்கு அனுப்புங்க. பேர் மாற்றுவதற்கு உங்கள் கிரெடிட்டையும் பார்ப்பாங்க. எஸ்க்ரோ முடிய மூணு வாரத்துக்கு முன்னாடியாவது விண்ணப்பம் போகணும். கடைசி வாரத்தில் ஆரம்பிச்சா முடியாது.

யூனிட்_கணக்கு
லீஸ் என்றாலே ஓடணும் என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்ப்போம்.

6 கிலோவாட், தெற்குப் பார்த்த கூரை, நிழல் இல்லை என்றால் அந்தப் பக்கத்தில் வருஷம் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 1,500 யூனிட். ஆக 9,000. வருஷம் அரை சதவீதம் தேயும் என்று வைத்தால் இன்று 8,600. 142 × 12 = 1,704 டாலர். ஒரு யூனிட் 19.8 செண்ட். கடைசி வருஷம் மாதம் 189 டாலர், உற்பத்தி 8,180, யூனிட் 27.8 செண்ட். பிஜி&இ இன்று வாங்குவது அதைவிட எவ்வளவோ மேலே.

அதைவிட முக்கியம், 2017 இணைப்பு என்றால் அநேகமாக நெட் மீட்டரிங் 2.0 (கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டை ஏறக்குறைய சில்லறை விலையில் கழிக்கும் பழைய திட்டம்). இணைத்த நாளிலிருந்து 20 வருஷம் அந்தச் சலுகை உண்டு, வீடு கைமாறினாலும் சிஸ்டத்தோடு வரும். 2023 ஏப்ரல் 14-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் மதியம் கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்குப் பெரும்பாலான நேரம் 10 செண்ட்கூடத் தேறாது. எனவே உங்கள் பழைய லீஸ் ஓடினால் லாபம். புது வீட்டுக்காரர் இன்றைக்கு பேட்டரி இல்லாமல் இதே 2.9 ஏற்றத்தில் லீஸ் எடுத்தால் அது வேறு கதை.

ஏற்றத்தைச் சின்னதாக நினைக்காதீங்க. மாதம் 120-ல் தொடங்கும் 25 வருஷ லீஸ், ஏற்றம் இல்லையென்றால் மொத்தம் 36,000. 2.9 சதவீதத்தோடு 51,800. விற்க வருகிறவர் 120-ஐ மட்டும் காட்டுவார்.

மேலே நான் சொன்னது எல்லாம் "ஓடினால்" என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது.

கூரைமேல்_குரு
அந்தச் சொல்லுக்குத்தான் வரேன். ஓடுதா என்று பார்க்க ஆப்பை நம்பாதீங்க. ஆப் செத்தும் பேனல் ஓடும், ஆப் பச்சை காட்டியும் பாதி பேனல் செத்திருக்கும். 2022-ல் ஏடி&டி 3ஜியை மூடியபோது பழைய மானிட்டர்கள் பல ஊமையாகிவிட்டன. சில ஒப்பந்தங்களில், தகவல் வராத மாதத்துக்கு "மதிப்பீட்டு உற்பத்தி" போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். பிபிஏ என்றால் அந்த ஊகத்துக்குக் காசு கட்டுவீங்க. லீஸ் என்றால் உத்தரவாதக் கணக்கில் அந்த ஊகம் கம்பெனிக்குச் சாதகமாக உட்காரும்.

விற்பவரை பிஜி&இ கணக்கில் நுழையச் சொல்லி கிரீன் பட்டன் தரவை (மணிவாரி மின்கணக்கு) ஒரு வருஷத்துக்கு இறக்கச் சொல்லுங்க. காசில்லை, ரெண்டு நிமிஷ வேலை. மே மாதம், வேலை நாள், பகல் 12 முதல் 2 வரை உள்ள வரிகளைப் பாருங்க. யாரும் வீட்டில் இல்லாத வெயில் நாளில் 6 கிலோவாட் சிஸ்டம் மணிக்கு 3, 4 யூனிட் வெளியே தள்ளணும். எல்லா நாளும் வாங்குவதாகவே இருந்தால் பேனல் படுத்திருக்கு. மே வரை சரியாக இருந்து ஜூலையில் பாதியாகக் குறைந்திருந்தால் ஒரு ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) போயிருக்கும், அல்லது ஏசி அதை விழுங்கியிருக்கும். உறுதி செய்ய ஏசி இல்லாத அக்டோபரைப் பாருங்க.

வீட்டைப் பார்க்கப் போகும்போது இன்வெர்ட்டருக்கு (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) முன்னால் நில்லுங்க. திரை உள்ள மாடல் என்றால் வாழ்நாள் மொத்த யூனிட்டைக் காட்டும். ஒன்பது வருஷம் ஓடிய 6 கிலோவாட்டில் 79,000 அளவுக்கு இருக்கணும். 48,000 என்றால் எங்கோ மூணு வருஷத்துக்கு மேல் தூங்கியிருக்கு. இன்வெர்ட்டரை இடையில் மாற்றியிருந்தால் எண் புதிதாகத் தொடங்கும், அதனால் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்க. பக்கத்தில் உள்ள ஏசி டிஸ்கனெக்ட் (சோலாரைத் துண்டிக்கும் சுவிட்ச்) கைப்பிடி கீழே இறங்கியிருக்கா, மெயின் பேனலில் சோலார் பிரேக்கர் விழுந்திருக்கா என்றும் பாருங்க. பெயின்ட் அடிக்க வந்தவர் அணைத்துவிட்டுப் போய் எட்டு மாதம் யாரும் கவனிக்காமல் போவதெல்லாம் சர்வசாதாரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க பிவிவாட்ஸ் இருக்கு, என்ஆர்இஎல் உருவாக்கிய இலவசக் கருவி. முகவரி, கிலோவாட், கூரைச் சாய்வு, திசை கொடுத்தால் மாதவாரியாக எண் தரும். இழப்பு 14 சதவீதம் என்பதை மாற்றாமல் விடுங்க.

ட்ரேசி_வாசல்
நன்றி குரு. உத்தரவாதப் பக்கம் கிடைச்சுது. முதல் ரெண்டு வருஷத்துக்கு 16,800 யூனிட், பிறகு குறைந்துகொண்டே வருது. குறைஞ்சா "திருப்பித் தரும் விகிதம்" 0.08 என்று ஒரு அட்டவணை.

யூனிட்_கணக்கு
அந்த 0.08-தான் மொத்த விஷயமும். ஒரு வருஷம் 1,500 யூனிட் குறைந்ததாக வைங்க. கம்பெனி தரும் காசு 120 டாலர். அதே 1,500 யூனிட்டை நீங்கள் பிஜி&இ-யிடம் 40 செண்டுக்கு வாங்கினால் 600. மீதி 480 உங்கள் தலையில். உத்தரவாதம் என்ற பேர் இருக்கு, ஆனால் அது நஷ்டத்தை ஈடுகட்டுவதில்லை, லீஸ் தொகையில் ஒரு பகுதியைத் திருப்புகிறது, அவ்வளவுதான்.

அதனால் குறைவு தெரிந்ததும் ரெண்டு வருஷக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் பழுது பார்க்கும் கடமையைப் பிடிங்க. அது வேறு பத்தி, வேறு உரிமை.

சிலிக்கான்_சிங்காரம்
எதுக்கு இவ்வளவு சுத்து? ரிப்பேர் பண்ணாத கம்பெனிக்கு ஆட்டோபேயை நிறுத்துங்க. ரெண்டே மாசத்தில் ஓடி வருவான்.

ஒப்பந்தம்_வாசி
சிங்காரம், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீங்க. நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீங்க. பல லீஸ்களில் அதன் பிறகு மீதி முழுத் தொகையையும் ஒரே தடவையில் கேட்கலாம். கலெக்ஷனுக்குப் போய் கிரெடிட் விழும், யூசிசி வேறு உட்கார்ந்திருக்கும், ரீஃபைனான்ஸ் கதை முடிந்தது. "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், என் உரிமை எதையும் விடவில்லை" என்று ஈமெயில் போட்டுவிட்டுக் கட்டுங்க.

போக வேண்டிய வரிசை இது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், டிக்கெட் நம்பரோடு. போனில் பேசியதை அன்றைக்கே ஈமெயிலில் "இன்று 10.40-க்கு நீங்கள் சொன்னது இது" என்று திருப்பி அனுப்புங்க. பதில் இல்லையென்றால் சர்டிஃபைட் மெயிலில் கடிதம்: ஒப்பந்த எண், எந்தப் பத்தி, எந்தத் தேதியிலிருந்து எத்தனை யூனிட் குறைவு, பிஜி&இ தரவு இணைப்பு, என்ன கேட்கிறீங்க, எத்தனை நாள். 30 நாள் கொடுங்க. கலிஃபோர்னியாவின் நுகர்வோர் பரிகாரச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்கணும் என்றாலே 30 நாள் முன்னறிவிப்பு தேவை, சிவில் கோட் 1782. ஒரே கடிதம் ரெண்டுக்கும் ஆகும். கோபம் வேண்டாம், எண் போதும்.

அதோடு பேனல் மாட்டின கான்ட்ராக்டரின் லைசென்ஸ் நம்பரை சிஎஸ்எல்பி (மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம்) தளத்தில் போட்டுப் பாருங்க. சோலார் வேலைக்கு சி-46 (சோலார்) அல்லது சி-10 (எலக்ட்ரிகல்) லைசென்ஸ் இருக்கணும், சில சமயம் பி (பொதுக் கட்டடம்). பொருத்தியதில் தப்பு, கூரை ஒழுகல், லைசென்ஸ் இல்லாதவர், பொய் சொல்லி விற்பது எல்லாம் அவர்களிடம் புகாராகப் போகும், பெரும்பாலும் நாலு வருஷத்துக்குள். கதவு தட்டி விற்கிறவருக்கும் தனிப் பதிவு வேணும். கான்ட்ராக்டர் கட்டும் பாண்ட் (ஈட்டுறுதித் தொகை) 25,000 டாலர், ஆனால் அது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாப் புகார்காரர்களுக்கும் சேர்த்து.

மின்கட்டணம், நெட் மீட்டரிங் மாற்றம் என்றால் சிபியுசி (மாநில மின்கட்டண ஆணையம்). லீஸ் கம்பெனி ஏமாற்றினால் அட்டர்னி ஜெனரல், எஃப்டிசி (மத்திய வணிக ஆணையம்). இவர்கள் தனிப்பட்ட உங்கள் காசை வாங்கித் தருவார்கள் என்று நம்பாதீங்க. ஆனால் புகார் எண்ணைக் கடிதத்தில் போட்டால் கஸ்டமர் சர்வீஸிலிருந்து ஃபைல் வேறு மேசைக்குப் போகும்.

ட்ரேசி_வாசல்
கட்டாய ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று போட்டிருக்கே, கோர்ட்டுக்கே போக முடியாதா?

ஒப்பந்தம்_வாசி
அந்தப் பத்தியை முழுசாப் படிங்க. பெரும்பாலும் ஸ்மால் கிளெய்ம்ஸுக்கு (சிறு தொகை வழக்குக் கோர்ட்) விலக்கு இருக்கும். கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை. கட்டணம் 30 முதல் 75. வக்கீல் வரக் கூடாது, எதிர்த்தரப்புக்கும்தான். எதிர்த்தரப்பு சார்பில் ஓர் ஊழியர் வரணும். நாலு வருஷக் குறைவும் மொத்தம் ரெண்டாயிரம் டாலரைத் தாண்டாத வழக்குக்கு அவர்கள் ஆளை அனுப்புவதைவிட செட்டில் செய்வது மலிவு. சம்மனை விற்பனை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பிவிட்டு வரலையேன்னு உட்காராதீங்க. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்தில் கம்பெனி பேரைப் போட்டால் சம்மன் வாங்கும் ஏஜென்ட் யார் என்று வரும், அவருக்குத்தான் சேரணும். பேரும் கவனம்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது விற்ற கம்பெனி, இன்று பேனலின் சொந்தக்காரர் ஏதோ ஒரு ஃபண்ட் எல்எல்சி, பில் அனுப்புவது மூன்றாவது ஆள். மூன்றையும் சேருங்க. ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் இலவசம்.

புதிதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் கவனிக்க: பல ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் வேண்டாம் என்று முதல் 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். லீஸ் அப்படியே இருக்கும், அந்தப் பத்தி மட்டும் போகும். இதைச் செய்கிறவர் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார், தபால் செலவு ஒரு டாலர் சொச்சம்.

சான்ரமோன்_ரவி
நடுவில் வரேன், அவசரம். 67 வயது சித்தி, வீடு அவங்க பேரில். போன வியாழன் சாயங்காலம் வாசலில் தமிழ் பேசுற பையன் வந்து, "கவர்மென்ட் ஃப்ரீ சோலார்" என்று ஐபேடில் விரலால் கையெழுத்து வாங்கியிருக்கான். 25 வருஷ லீஸ். இன்னைக்குத் திங்கள். ரத்து செய்ய முடியுமா?

ஒப்பந்தம்_வாசி
முடியும், புதன் நள்ளிரவு வரை. வீட்டு வாசல் விற்பனைக்கு எஃப்டிசி விதியில் மூன்று வேலைநாள், கலிஃபோர்னியாவில் 65 வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து. சனிக்கிழமை வேலைநாள்தான், ஞாயிறும் அரசு விடுமுறையும்தான் கணக்கில் வராது. வெள்ளி 1, சனி 2, இன்று 3, செவ்வாய் 4, புதன் 5. இடையில் விடுமுறை வந்தால் ஒருநாள் தள்ளும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஒப்பந்தத்தோடு ரத்துப் படிவம் ரெண்டு பிரதி தந்திருக்கணும். தந்திருந்தால் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்து, அதில் இருக்கும் முகவரிக்கு சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்க. ஈமெயிலும் போடுங்க. தரவில்லையென்றால் வெள்ளைத் தாளில் "ரத்து செய்கிறேன்" என்றாலே போதும். படிவமே தரவில்லை என்றால் அதைத் தரும் வரை ரத்து உரிமை ஓடிக்கொண்டே இருக்கும், சிவில் கோட் 1689.7. காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

இன்னொன்று, இது நம்மாட்களுக்குத் தெரியவே தெரியாது. மொழிபெயர்த்த ஒப்பந்தம் தரணும் என்கிற கலிஃபோர்னியா சட்டம், 1632, ஸ்பானிஷ், சீனம், டகாலோக், வியட்நாமியம், கொரியம் ஐந்துக்குத்தான். தமிழ் அதில் இல்லை. ஆனால் எஃப்டிசியின் வாசல் விற்பனை விதியில் மொழிப் பட்டியலே கிடையாது: விற்பனைப் பேச்சு முக்கியமாக எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில் ஒப்பந்தமும் ரத்து அறிவிப்பும் இருக்கணும். பையன் தமிழில் பேசியிருந்தால் அது தமிழில் இருந்திருக்கணும். எந்தக் கம்பெனியிடமும் அப்படி ஒரு காகிதம் இருக்காது. புதன் தாண்டிப் போனால் அதைப் பிடிங்க.

கூரைமேல்_குரு
"ஃப்ரீ சோலார்" புளுகின் பின்னணி: சொந்தமாக வாங்குகிறவருக்கு இருந்த 30 சதவீத வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. லீஸ் கம்பெனிக்கான சலுகை இன்னும் நிபந்தனைகளோடு ஓடுகிறது. அதனால்தான் வாசலில் இப்போது லீஸ்காரர் கூட்டம். சலுகை அவர்களுக்கு, பில் சித்திக்கு.

எஸ்க்ரோ_அக்கா
ரவி, சித்தியின் ஈமெயில் எது என்று போட்டிருக்காங்கன்னு பாருங்க. சில பசங்க தாங்களே ஒரு ஈமெயில் திறந்து அதில் கையெழுத்து வாங்கிடுவாங்க. ஈ-கையெழுத்துக்கு ஒரு முடிவுச் சான்றிதழ் உண்டு: எந்த ஈமெயில், எந்த ஐபி முகவரி, எந்த நொடியில் திறந்தார், எந்த நொடியில் முடித்தார். 31 பக்கத்தை 48 நொடியில் "படித்து" முடித்தவர் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரியும். "வெல்கம் கால்" (கம்பெனி போனில் சம்மதத்தை உறுதி செய்யும் அழைப்பு) பதிவையும் எழுத்தில் கேளுங்க. எல்லாத்துக்கும் "யெஸ்" சொல்லுங்கன்னு பையன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது சில சமயம் அதிலேயே கேட்கும்.

எடிசன்_பாலா
நியூஜெர்சியிலிருந்து ஒரு வரி: இங்கே லீஸ் என்றால் எஸ்ஆர்இசி (சோலார் உற்பத்திக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) வருமானமும் கம்பெனிக்குத்தான், வீட்டுக்காரருக்கு இல்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் 5,000 வரை, அதற்கு மேல் 20,000 வரை ஸ்பெஷல் சிவில் பார்ட். அது சரி, கம்பெனி திவாலானால் லீஸ் போய்விடுமா?

ஒப்பந்தம்_வாசி
போகாது. சன்பவர் 2024 ஆகஸ்டில், சன்னோவா 2025 ஜூனில் சாப்டர் 11 (திவால் மறுசீரமைப்பு) போட்டார்கள். உங்கள் லீஸ் ஒரு சொத்து, யாராவது வாங்குவார்கள், பில் வேறு பேரில் வரும். போவது சர்வீஸ்தான். புதிய ஆளுக்குக் காசு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், அதில் உள்ள நம்பருக்கு அழைக்காமல் கோர்ட் ஆவணத் தளத்தில் சரிபார்த்த பிறகே வங்கி விவரம் மாற்றுங்க. உத்தரவாதப் பணம் பாக்கி இருந்தால் கடைசித் தேதிக்குள் புரூஃப் ஆஃப் கிளெய்ம் (பாக்கியைக் கேட்கும் கோர்ட் படிவம்) போடுங்க. போடாவிட்டால் பழைய பாக்கி அநேகமாகப் போனதுதான்.

ட்ரேசி_வாசல்
கடைசியா: பைஅவுட் (லீஸை முடித்துப் பேனலை வாங்கும் விலை) 19,400 என்று சொல்றாங்க. நியாயமா?

யூனிட்_கணக்கு
மீதி 11 வருஷத் தவணையைக் கூட்டினால் 21,700. 6 சதவீதம் கழிவு போட்டால் இன்றைய மதிப்பு 15,500 அருகில். ஒப்பந்தத்தில் பைஅவுட் சூத்திரம் இருக்கும்: சந்தை மதிப்பு, மீதித் தவணையின் இன்றைய மதிப்பு, ரெண்டில் எது அதிகமோ அது. கழிவு விகிதம் என்ன, சந்தை மதிப்பை யார் போட்டது என்று எழுத்தில் கேளுங்க. ஒன்பது வருஷப் பேனலுக்கு 19,400 கொடுக்காதீங்க. வாங்கினால் இன்வெர்ட்டர் பழுதும் உங்கள் தலையில், அதுக்கு ஆயுள் 10 முதல் 15 வருஷம்தான்.

கூரைமேல்_குரு
கூரை வயசையும் கேளுங்க. ஷிங்கிள் 20 வருஷம் தாண்டியிருந்தால் லீஸ் முடியும் முன்னே கூரை மாற்றணும். பேனலைக் கழற்றித் திரும்ப மாட்ட கம்பெனி ஆள்தான் வரணும், உங்க ரூஃபர் கை வைத்தால் ஒழுகல் வாரண்டி போச்சு. செலவு உங்களுடையது. எவ்வளவு என்று இன்றே எழுத்தில் வாங்கி, விற்பவரிடம் அந்தத் தொகைக்கு கிரெடிட் கேளுங்க. எஸ்க்ரோ முடிந்த பிறகு கேட்க ஆள் இருக்காது.

சான்ரமோன்_ரவி
அனுப்பியாச்சு. ஒரு சந்தேகம், தபால் அவங்களுக்குப் புதன் கழிச்சுத்தான் போய்ச் சேரும். செல்லுமா?

ஒப்பந்தம்_வாசி
செல்லும். தபாலில் போட்ட நாள்தான் கணக்கு, சேர்ந்த நாள் இல்லை. கவுன்டரில் முத்திரை குத்திக் கொடுத்த ரசீதை ஸ்கேன் செய்து வைங்க, அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.